நாய்க்கும் ஒரு நடுகல்

சிங்கப்பூரின் வட கரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது செம்பவாங். அப்பெயர் கொண்ட மரத்தினால் அந்த வட்டாரத்துக்கும் பெயர் வந்தது என்பர். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மாலை நேரத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து உலாவ வருவோரை அங்குக் காணலாம். அவர்களுள் ஒருவர் சில நாள்களாகத் தனியே நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நாய் எங்கே?" என்று கேட்கிறோம். "இறந்துவிட்டது" என்கிறார். நாம் உடனே என்ன சொல்கிறோம்? "அதனால் என்ன, வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறோம். ஆறுதல் கூறிவிட்டதாக எண்ணி நடையைக் கட்டுகிறோம்.

வீட்டில் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியவை நமக்குத் தெரியும். உறவினர் வருவர், எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் உண்டு, படத்துக்கு மாலை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் வாசலில் வந்து வரவேற்ற நாய் இறந்தால் நமக்கு ஒரு சடங்கும் இல்லை. துக்கம் மட்டும் இருக்கிறது. "ஒரு நாய்க்காகவா இவ்வளவு?" என்று பிறர் கேட்பார்களே என்ற கூச்சம் அந்தத் துக்கத்தை இன்னும் கனமாக்குகிறது. இப்படித் துயருறுவது இக்காலத்து வசதி படைத்தோரின் புதுப் பழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதும் இல்லை, செம்பவாங்கிலிருந்தே தொடங்கலாம்.

பிரிட்டிஷார் இங்கே பெரிய கடற்படைத் தளம் ஒன்றை அமைத்தனர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் அத்தளத்தில் உழைத்தனர். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் சூட்டிய கப்பல் பழுதுபார்க்கும் துறை 1938 பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, சீனாவின் யாங்சி ஆற்றில் காவல் புரிந்த 'கிராஸ்ஹாப்பர்' என்னும் சிறு போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது. அதில் ஜூடி என்ற பெண் நாய் இருந்தது. 1936இல் ஷாங்காயில் பிறந்தது, மாலுமிகளின் செல்லம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழும் தறுவாயில் கிராஸ்ஹாப்பர் இங்கிருந்து வெளியேறியது. பிப்ரவரி 14ஆம் நாள், துறை திறந்த அதே தேதியில், ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டு வீசி அழித்தன. தப்பியவர்கள் ஆளில்லாத ஒரு தீவில் கரையேறினர். குடிக்க நீர் இல்லை. கப்பலின் இடிபாட்டில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்ட ஜூடி, கரையோரத்தைக் காலால் தோண்டி நன்னீர் ஊற்றைக் காட்டியது. பிறகு சுமாத்ராவின் காடுகளைக் கடந்து போனவர்கள் ஜப்பானியரிடம் சிக்கினர். நாயும் அவர்களோடு மேடான் சிறைமுகாமுக்குச் சென்றது.

அங்கேதான் பிராங்க் வில்லியம்ஸ் என்னும் விமானப்படை வீரர் அதற்குத் தம் பங்குச் சோற்றைப் பகிர்ந்து கொடுத்தார். முகாமில் சோறு எவ்வளவு என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அக்கொடையின் அளவு விளங்கும். அன்று முதல் ஜூடி அவரை விட்டு அகலவில்லை. காவலர் அதைக் கொன்றுவிடாதபடி, முகாம் தலைவரை இணங்கவைத்து, அதைப் போர்க்கைதியாகவே பதிவு செய்வித்தார் வில்லியம்ஸ். 81ஏ-மேடான் என்பது அதன் எண். 1944 ஜூனில் கைதிகளைச் சிங்கப்பூருக்கு ஏற்றி வந்த கப்பல், பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலுக்கே இலக்காகி மூழ்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வில்லியம்ஸ் நாயைக் கப்பலின் வட்டச் சாளரத்தின் வழியே கடலில் தள்ளிக் காப்பாற்றினார். இருவரும் பிரிந்து, சிங்கப்பூர் முகாம் ஒன்றில் மீண்டும் சந்தித்தனர்.

போர் முடிந்தது. 1946 மே மாதம், விலங்குகளின் வீரத்துக்காக 1943இல் ஏற்படுத்தப்பட்ட டிக்கின் பதக்கம் ஜூடிக்கு லண்டனில் அணிவிக்கப்பட்டது. பின்னர் வேலை நிமித்தமாக வில்லியம்ஸ் ஆப்பிரிக்காவின் தங்கனிக்காவுக்குச் சென்றபோது ஜூடியும் உடன் சென்றது. அங்கே 1950 பிப்ரவரி 17ஆம் நாள், கட்டியினால் துன்புற்ற அதற்கு மருத்துவர் அமைதியான சாவைக் கொடுக்க நேர்ந்தது.

நாம் கவனிக்க வேண்டியது இதற்குப் பின்னர் நடந்ததை. வில்லியம்ஸ் ஜூடியை விமானப்படைச் சட்டை அணிவித்துப் புதைத்தார். வாரக்கணக்கில் உழைத்துக் கருங்கல்லும் பளிங்கும் கொண்டு அந்த இடத்தில் நினைவுமேடை ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். அதன் வாழ்க்கை வரலாற்றைப் பலகையில் பொறித்து அதில் பதித்தார். ஒரு பெயர், ஒரு கல், அதன்மேல் செய்த செயலின் விவரம். இவை நமக்குப் புதியவையா?

இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள நடுகல் 7ஆம் நூற்றாண்டினது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்தது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். கல்லில் வில்லும் வாளுமாக அவன் நிற்கிறான். அருகே அவன் நாயும் நிற்கிறது. அதற்கெனத் தனியே எழுத்தும் உண்டு. கோவிவன் என்பது நாயின் பெயர் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அவ்வெழுத்துச் சொல்கிறது. அக்காலத்துப் பேரூர்த் தலைவர் எத்தனையோ பேரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு மேய்ச்சல் நாயின் பெயர் கிடைத்திருக்கிறது!

சேவற்கோழிக்கும் நம்மவர் கல் எடுத்தனர். விழுப்புரத்துக்கு அண்மையிலுள்ள அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் கிடைத்த பழைய கற்களில் போர்ச்சேவலின் உருவம் இருக்கிறது. அது எந்தச் சேரியின் கோழி என்ற குறிப்பும் இருக்கிறது. ஊர் முழுவதும் அந்தச் சேவலைத் தனதாகக் கொண்டாடியிருக்க வேண்டும். அதன் சாவும் ஊரின் இழப்பாக இருந்திருக்கும்.

இவற்றை விட வியப்பானது கன்னட நாட்டில் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூரில் எழுந்த கல். இன்று அது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 949ஆம் ஆண்டளவில் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் உயிரிழந்தான். எதிர்ப்பக்கத்தில் போரிட்ட மணலேரன் என்னும் வீரனிடம், "வேண்டியதைக் கேள்" என்று அரசன் மகிழ்ந்து சொன்னான். பொன்னையும் ஊரையும் அவன் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான்! அந்த நாயைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவியபோது, இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மணலேரன் கோயிலின் முன்னே அதற்குக் கல் நாட்டி, நிலமும் விட்டான். அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி உண்ணலாகாது என்றும் எழுதிவைத்தான். தக்கோலப் போரைப் பற்றி எழுதும் வரலாற்று ஆசிரியர் அனைவரும் இக்கல்வெட்டை நாடி வருகின்றனர். இளவரசன் ஒருவனின் முடிவைப் பற்றிய சான்று, நாய்க்காக வருந்திய ஒருவன் நாட்டிய கல்லில் கிடைக்கிறது. வரலாற்றின் விளையாட்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இத்துயர் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பண்டை எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வர் என்றும், நாய் இறந்தால் உடல் முழுவதும் மழித்துக்கொள்வர் என்றும் கிரேக்க நாட்டு எரோடோட்டசு எழுதியிருக்கிறார். மழித்த புருவத்தோடு தெருவில் ஒருவர் நடந்தால், "அவர் வீட்டில் பூனை இறந்துவிட்டது" என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை; "ஒரு பூனைக்காகவா?" என்று யாரும் கேட்கப் போவதும் இல்லை.

நடுகல் எடுப்பதும் தனி ஒருவரின் வேலை அன்று. தகுந்த கல்லைத் தேடிக் கண்டு, கொண்டு வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும் என்று தொல்காப்பியம் முறை வகுக்கிறது. கல்லைச் சுமக்கப் பலர் வேண்டும். படையலை உண்ணவும் பலர் வேண்டும். மனித வீரர்க்கு ஏற்பட்ட இந்த மரபில் நாய்க்கும் கோழிக்கும் இடம் கொடுத்தனர் நம் முன்னோர். துக்கத்துக்குச் செய்ய ஒரு வேலையும், அதைக் காணச் சில கண்களும் அவர்கள் கொடுத்தனர் என்பது நம் கருத்து.

செம்பவாங்குக்குத் திரும்புவோம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு நீங்கின. கம்பங்கள் மறைந்து வீடமைப்புக் கழகத்தின் குடியிருப்புகள் எழுந்தன. கம்பத்தில் வீட்டைச் சுற்றி மண் இருந்தது. இறந்த நாயை மரத்தடியில் புதைக்கலாம். பத்தாம் மாடியில் மண் ஏது? வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறு இனம் என்பது பொது விதி. பூனைக்கோ பல ஆண்டுகள் அனுமதியே இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல்தான் உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு பூனைகள் வளர்க்கலாம் என்றாயிற்று. அதற்கு முன்னர் கதவைச் சாத்தி வளர்த்தவர்களை எண்ணிப் பாருங்கள். பூனை இறந்தால் அவர்கள் அழவும் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. வளர்த்ததையே வெளியில் சொல்ல முடியாதவர், இழந்ததை யாரிடம் சொல்வார்?

வெளியில் சொல்ல இயலாத இத்தகைய துயரைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் விரிவாக எழுதினார். சுற்றியிருப்போர் துயரென்றே ஏற்றுக்கொள்ளாத துயர் என்று அதனை அவர் விளக்கினார். இழப்பு பெரிதா சிறிதா என்பது ஒரு கேள்வி. அதை இழப்பு என்று பிறர் ஒப்புகிறார்களா என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்கு 'இல்லை' என்ற விடை கிடைக்கும்போது துயர் ஆறுவதற்கு நாள் பிடிக்கிறது.

இதே சிங்கப்பூர், ஊர் கூடித் துயருற்ற ஒரு நாளையும் கண்டிருக்கிறது. செம்பவாங்குக்குத் தொலைவில்லாத மண்டாயில் 1973இல் விலங்கியல் தோட்டம் திறக்கப்பட்டது. அங்கே ஆ மெங் என்ற சுமாத்ரா ஒராங் ஊத்தான் இருந்தது. ஒரு வீட்டில் சட்டத்துக்குப் புறம்பாக வளர்க்கப்பட்டு, 1971இல் மீட்கப்பட்ட பெண் குரங்கு அது. அதை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்தவர் அழகப்பசாமி செல்லையா என்னும் தமிழர். 1982 முதல் பார்வையாளர் அதனோடு அமர்ந்து காலை உணவு உண்டனர். உலகப் புகழ் பெற்றோர் பலர் அதனோடு படம் எடுத்துக்கொண்டனர். 2008 பிப்ரவரி 8ஆம் நாள், ஏறத்தாழ 48 வயதில் ஆ மெங் இறந்தது. இரண்டு நாள் கழித்து நடந்த நினைவு நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 4,000 பேர் வந்தனர். தோட்டத்திலேயே அதைப் புதைத்தனர். அது விரும்பி உண்ட டுரியானின் கன்று ஒன்றை அங்கே நட்டனர். வெண்கலச் சிலையும் எடுத்தனர். எடத்தனூரில் கல்; மண்டாயில் வெண்கலம்.

எல்லாராலும் சிலை எடுக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். வேண்டியதில்லை. செல்லப் பிராணிகளை எரியூட்டி, சாம்பலைக் கலயத்தில் தரும் தனியார் நிலையங்கள் சிங்கப்பூரில் உள்ளன. சாம்பலை வீட்டில் ஒரு தொட்டிச் செடியின் அருகே வைக்கலாம். கழுத்துப் பட்டையையும் படத்தையும் ஓரிடத்தில் வைத்து, அண்டை வீட்டார் நால்வரை அழைத்து, அது செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கலாம், அழவும் செய்யலாம். வில்லியம்ஸ் பலகையில் எழுதியதைப் போல வீட்டுக் குழந்தையை ஒரு தாளில் எழுதச் சொல்லலாம். குழந்தைகளிடம் "எங்கோ ஓடிப்போய்விட்டது" என்று பொய் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. ஓடிப்போனது திரும்பி வரும் என்று குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்.

"வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரையைப் பற்றியும் ஒரு சொல். மண்டாய்த் தோட்டத்தில் ஒராங் ஊத்தான்களுக்குக் குறைவில்லை. மறுநாளே வேறொன்றைக் கொண்டுவந்து அதே பெயரிட்டு நிறுத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஆ மெங்கின் பேத்தி இஷ்டாவுக்கு அப்பெயரை 2016இல் சூட்டினார்கள். இடையில் எட்டு ஆண்டுகள் அந்தப் பெயர் யாருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது.