திமிங்கலமும் தி.நகர் டிராஃபிக்கும்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறீர்களா? அதன் கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்? 'மாத்தவே வேண்டாம் சார், லைஃப்டைம் ஆயில்' என்பார் ஷோரூம்காரர். 'நாப்பதாயிரம் கிலோமீட்டர்ல மாத்திடுங்க' என்பார் தெருமுனை மெக்கானிக். யாரை நம்புவது? பஞ்சாயத்துக்கு ஒரு திமிங்கலத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

1939. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 'ஹைட்ராமேட்டிக்' கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. முதலில் ஏறியது 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில். கிளட்ச் பெடலே கிடையாது! இரண்டாம் உலகப் போரில் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள்ளும் இதே கியர்பாக்ஸ் போய் உட்கார்ந்தது.

இடது கால் செய்த வேலையை இனி எண்ணெய் செய்தது. எஞ்சினின் சக்தியைச் சக்கரத்தின் பக்கம் கடத்த வேண்டும். கிளட்ச் தட்டுகளை அழுத்த வேண்டும். சூட்டை வாங்கி வெளியே விட வேண்டும். வழவழப்பு கூடினால் தட்டுகள் வழுக்கும். குறைந்தால் கார் உதறும். கத்தி மேல் நடக்கிற பிழைப்பு.

அந்த நடைக்குக் கை கொடுத்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். அம்பர்கிரிஸ் கடத்தல் என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோமே, அதைத் தருகிற அதே திமிங்கலம்தான். எத்தனை சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அசராத எண்ணெய் அது.

வேட்டை எல்லை மீறியது. 1970ல் இந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது அமெரிக்கா. எண்ணெய் வரத்து நின்றது. மாற்று தேடி ஓடினார்கள். அடுத்து வந்த 'டெக்ஸ்ரான் 2', ஆரம்பத்தில் ஆயில் கூலரின் பற்றவைப்பையே அரித்தது. திருத்தினார்கள், திருத்தியதையும் திருத்தினார்கள். போகப் போக செயற்கை எண்ணெய்கள் தேறின. அந்தத் தெம்பில்தான் பல கம்பெனிகள் 'லைஃப்டைம்' என்று எழுதின. அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் எடுத்துவிட்டன.

பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் உறுத்தும். யாருடைய லைஃப்? ஒரு மெஷினின் ஆயுள் கணக்குப் புத்தகத்தில் ஒன்றாக இருக்கும், பட்டறையில் வேறாக இருக்கும். சாட்சிக்கு ஒரு பெரிய ஆளே இருக்கிறார். உலகின் முன்னணிக் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. கடுமையான உபயோகம் என்றால் இன்னும் சீக்கிரமாக!

கடுமையான உபயோகம் என்றால் பாலைவனமா, இமயமலையா? பல கார்களின் மேனுவலில் அதற்குத் தனி அட்டவணையே இருக்கும். கொளுத்தும் வெயில், நின்று நின்று போகும் டிராஃபிக், குறைந்த தூர ஓட்டம். அடடா, மே மாதத்தில் லஸ்ஸிலிருந்து பனகல் பார்க் போகிற கதையல்லவா இது! மீட்டரில் ஏறுவது சில கிலோமீட்டர்தான். எண்ணெய் வெந்ததோ முக்கால் மணி நேரம். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால், ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. வண்டி அதிகம் ஓடவில்லை என்பது இங்கே சமாதானம் ஆகாது.

வெள்ளம் வந்தால் எந்த அட்டவணையும் செல்லாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின! கியர்பாக்ஸ் மூச்சுவிடும் சின்னத் துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். சிவப்பு எண்ணெய், மயிலாப்பூர் மாடவீதி ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். அப்படியே ஓட்டினால் கிளட்ச் தட்டின் பூச்சு உரியும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துப்போய் எண்ணெயை மாற்றுவதுதான் புத்தி.

இன்னொன்று. எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒரே ஜாதி அல்ல. 2014ல் மாருதி செலெரியோ மூலம் இங்கே வந்த ஏ.எம்.டி.க்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். அதற்கு வேண்டியதும் கியர் ஆயில்தான். சி.வி.டி.க்குத் தனி எண்ணெய். மேனுவலில் போட்டிருக்கும் பெயரைப் பார்க்காமல் 'ஏதோ சிவப்பு ஆயில்' ஊற்றுவதைவிட, பழைய எண்ணெயோடு இன்னும் ஒரு மாதம் ஓட்டுவது மேல்.

ஆகவே தீர்ப்பு? நம் ஊர் காருக்கு மேனுவலின் கடுமையான உபயோக அட்டவணைதான் சட்டம். அது சொல்லும் கிலோமீட்டரோ வருடமோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். அட்டவணையே இல்லை, வெறும் 'லைஃப்டைம்' என்று மட்டும் போட்டிருக்கிறதா? இசட்.எஃப். சொல்கிற கணக்கின் கீழ் எல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் போனால் வரும் பில்லோடு ஒப்பிட்டால், எண்ணெய்ச் செலவு சில்லறைதான்.