பியூலா ஹில்லிலிருந்து புறப்பட்ட அலை

தென் லண்டனில், குரோய்டன் பகுதியைச் சேர்ந்த தோர்ண்டன் ஹீத் ஹை ஸ்ட்ரீட்டின் மணிக்கூண்டு 1900-இல் கட்டப்பட்டது. அங்கிருந்து வடகிழக்கே மேடேறினால் பியூலா ஹில். அந்த மேட்டில் நெடிதுயர்ந்து நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்தைத் தோர்ண்டன் ஹீத் தமிழர்கள் கடைக்குப் போகும்போதும் ரயிலுக்கு ஓடும்போதும் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி விருதுகளின் கதையைத் தேம்ஸ் கரை அரங்கங்களை விட்டுவிட்டு இந்த மேட்டிலிருந்து சொல்லவே எனக்கு விருப்பம்.

1955 செப்டம்பர் 22 வரை பிரிட்டனில் தொலைக்காட்சி என்றால் பிபிசி ஒன்றுதான். அன்று மாலை தனியார் தொலைக்காட்சியான ஐடிவி பிறந்தது. லண்டன் வீடுகளுக்கு அதன் முதல் அலைகளை அனுப்பியது பியூலா ஹில்லில் நட்ட கோபுரம்தான் (இன்று நிற்பது பின்னாளில் எழுப்பியது). முதலில் லண்டன் கில்ட்ஹாலில் நடந்த தொடக்க விருந்தைக் காட்டினார்கள். அடுத்து கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசை வந்தது, அந்நாட்டுத் தொலைக்காட்சி கண்ட முதல் விளம்பரம் அதுவே. பிபிசி சும்மா இருக்கவில்லை. அதே மாலையில் தன் வானொலித் தொடரான ‘தி ஆர்ச்சர்ஸ்’-இல் கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரத்தைத் தீயில் சாகடித்து, நேயர்களைத் தன் பக்கம் அழ வைத்தது.

விருதும் அதே 1955-இல் வந்ததுதான். தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள், இயக்குநர்களின் சங்கம் அந்த ஆண்டில் ஆறே பிரிவுகளில் முதல் விருதுகளை வழங்கியது. சினிமாக்காரர்கள் தொலைக்காட்சியைத் தம்பி முறைக்குக்கூட ஏற்காத காலம் அது. அப்போது அதில் வேலை செய்தவர்களே கூடித் தங்களில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தன்மானம்தான் இந்த விருதின் முதல் மூலதனம் என்பேன்.

விருதாகத் தரும் வெண்கல முகமூடியை வடித்தவர் நியூயார்க்கில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சிற்பி மிட்சி கன்லிஃப். முன்பக்கம் பழைய நாடக மேடையின் முகமூடி. பின்பக்கம் ஒரு கண்ணைச் சுற்றி மின்னணுக் குறியும் மறு கண்ணைச் சுற்றித் திரையின் குறியும் இருக்கும். மேடையில் அந்தப் பின்பக்கத்தை மறைத்தபடியே தூக்கிக் காட்டுவதால் டிவி பார்க்கும் நமக்கு அந்தப் பாதி தெரிவதே இல்லை. கனம் ஏறக்குறைய 3.7 கிலோ.

1956-இல் சிறந்த நடிகர் விருதைப் பெற்றவர் பீட்டர் குஷிங். டிராகுலா படங்களிலும் ‘ஸ்டார் வார்ஸ்’-இலும் பார்த்த முகம். இன்றைய குரோய்டன் பெருநகராட்சிக்குள் அடங்கும் கென்லியில் 1913-இல் பிறந்தவர். இளமையில் உள்ளூர் நகர மன்றத்தில் நில அளவையாளரின் உதவியாளராக இருந்தவர். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை 1954 டிசம்பரில் பிபிசி நேரலை நாடகமாக நடத்தியபோது நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் அவர்தான். சித்திரவதைக் காட்சிகளைக் கண்டு நாடு கொதித்தது, விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. ஆனாலும் அதே வாரத்தில் இரண்டாம் முறையும் நேரலையில் நடித்தார்கள்.

1958-இல், இந்த விருதை வழங்கிவந்த தயாரிப்பாளர், இயக்குநர் சங்கம் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியோடு இணைந்தது. அந்த அகாடமி 1947-இல் தோன்றியபோது முதல் தலைவராக இருந்த டேவிட் லீனும் குரோய்டனில் பிறந்தவர்தான். ‘பாஃப்டா’ என்ற இன்றைய பெயர் 1976-இல் வந்தது. சினிமாவுக்கும் டிவிக்கும் ஒரே மேடை என்ற ஏற்பாடு 1968 முதல் 1997 வரை நீடித்தது.

நான் அதிகம் யோசிப்பது 1985-ஐப் பற்றி. இந்தியாவில் வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளைச் சொல்லும் ‘தி ஜூவல் இன் தி கிரவுன்’, கிரனடா நிறுவனம் தயாரித்து 1984-இல் ஐடிவியில் 14 பகுதிகளாக வந்தது. சிறந்த தொடர் விருது அதற்கே. சிறந்த நடிகர் டிம் பிகாட்-ஸ்மித். சிறந்த நடிகை, முதிய மிஷனரிப் பெண்ணாக நடித்த பெக்கி ஆஷ்கிராஃப்ட். அவரும் குரோய்டனில் பிறந்தவர். ஊர் தன் நாடக அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. அவருடைய நடிப்பில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் நம் மண்ணின் கதைக்கு விழுந்த அந்த வெளிச்சம் ஆங்கிலேயர் முகங்களின் மேல்தான் நிலைத்து நின்றது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் லண்டனுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தென் லண்டனில் குடியேறியவர்கள் மற்றவர்களைப் போலவே தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டினார்கள். திரையில் தங்கள் வீட்டு ஆட்களைப் போன்ற ஒருவரைப் பார்க்க அவர்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து ரயிலில் கிழக்கு குரோய்டன் போய், வண்டி மாறித் தெற்கே போனால் கிராலி. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அங்கே பிறந்து, கணித ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு நகைச்சுவை மேடைக்கு வந்தவர் ரொமேஷ் ரங்கநாதன். சுற்றுலாக்காரர்கள் தயங்கும் நாடுகளுக்கு அவர் போய்வந்த பயணத் தொடர் 2020-இல் பாஃப்டா பெற்றது. கொரோனாவால் அந்த ஆண்டு அரங்கில் கூட்டம் இல்லை. மறு ஆண்டே ‘தி ரங்கநேஷன்’ நிகழ்ச்சிக்காகப் பொழுதுபோக்கு நிகழ்ச்சியாளர் விருதைத் தனிப்பட்ட முறையில் வென்றார்.

இந்த இரண்டாவது விருதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ‘தி ரங்கநேஷன்’ புலம்பெயர்ந்தோரின் துயரத்தைப் பேசும் நிகழ்ச்சி அல்ல. அந்த வாரத்து நாட்டு நடப்பைப் பற்றிப் பொதுமக்கள் குழு ஒன்றிடம் அவர் கருத்துக் கேட்டார், மறுத்துப் பேசினார், வம்புக்கு இழுத்தார். நாட்டின் பொது விவாதத்தை நடத்தும் நாற்காலியில் ஒரு தமிழர் உட்கார்ந்தார், அதை அவர் நன்றாகச் செய்தார் என்பதற்காக விருது கொடுத்தார்கள். 2023-இல் விருது விழாவையே நகைச்சுவைக் கலைஞர் ராப் பெக்கெட்டுடன் சேர்ந்து தொகுத்து வழங்கினார். பாஃப்டாவின் மிக உயர்ந்த கௌரவமான ஃபெலோஷிப் இந்திய வம்சாவளி நடிகை மீரா சயாலுக்குப் போனதும் அந்த மேடையில்தான். அடுத்த ஆண்டும் இருவரையே தொகுப்பாளர்களாக அழைத்தார்கள்.

‘தி ரங்கநேஷன்’ குழுவில் ரொமேஷின் தாயார் சாந்தியும் இருந்தார். மகன் சொன்னது தவறென்று பட்டால் நாடே பார்க்கும் நிகழ்ச்சி என்றெல்லாம் தயங்காமல் அங்கேயே அவரைத் திருத்துவார்.