கைரேகை: குறத்தி பார்த்ததும் சர்க்கார் பார்த்ததும்

போன மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போயிருந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி. அதன் கண்ணாடியில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன், ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் ஏற்கவில்லை. பத்து விரலும் பார்த்தாயிற்று. "ரேகை தேஞ்சு போச்சுங்கய்யா" என்றான் அங்கிருந்த பையன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோவை மாவட்டத்துப் பத்திரப்பதிவு அலுவலகங்களில் 31 வருஷம் ஊரார் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டியவன் நான். கடைசியில் முகத்தைப் படம் பிடித்துத்தான் சான்று வாங்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கையைப் பற்றிய நினைவுதான். எங்கள் அமுச்சிக்குக் கைபார்த்த குறத்தி முதலில் ஞாபகத்துக்கு வந்தாள்.

அவிநாசிப் பக்கம் அமுச்சியின் தோட்டத்துக்குத் தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் அந்த அம்மா வருவாள். இடுப்பில் கூடை, கையில் சின்னக் கோல். ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. அமுச்சியின் உள்ளங்கையைக் கோலால் தொட்டபடி, "ஓயாத கை ஆத்தா இது. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கை. உன்ற மனசு மட்டும் இன்னும் ஆறல" என்பாள். அமுச்சிக்குக் கண் கலங்கிவிடும். ஒரு படி கம்பு கூடைக்குப் போகும்.

சாமுத்திரிகா லட்சணம் என்று இதற்கு நூல் உண்டு. ஆயுள் ரேகை, புத்தி ரேகை, இருதய ரேகை, விதி ரேகை; ஆள்காட்டி விரலுக்கு அடியில் குரு மேடு, நடுவிரலுக்குச் சனி, மோதிர விரலுக்குச் சூரியன், சுண்டு விரலுக்குப் புதன், கட்டைவிரல் அடியில் சுக்கிரன் என்று கிரகங்களையெல்லாம் உள்ளங்கையில் குடிவைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் குறத்தி மேட்டையும் கோட்டையும் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அமுச்சியின் உள்ளங்கையில் கோட்டைவிடக் காய்ப்புத்தான் அதிகம். மண்வெட்டிக் காம்பும் உலக்கையும் போட்ட காய்ப்பு. அதைப் பார்த்து, வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்து, திருநீறு மட்டும் இட்ட நெற்றியையும் பார்த்துத்தான் அவள் பேசியிருக்க வேண்டும்.

தமிழில் குறவஞ்சி என்று ஒரு இலக்கிய வகையே இந்தக் கைபார்ப்பதைச் சுற்றி வளர்ந்தது. தலைவியின் கையைப் பார்த்துக் குறத்தி குறி சொல்வாள், தன் மலைவளம் பாடுவாள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி எல்லோருக்கும் தெரியும். நம்ம கொங்கு நாட்டிலும் அலகுமலைக் குறவஞ்சி உண்டு. பாட்டில் குறத்திக்கு ராஜ மரியாதை. பொன்னும் பட்டும் பரிசு கிடைக்கும்.

பாட்டுக்கு வெளியே நடந்தது வேறு கதை. அதைச் சொல்லக் கொஞ்சம் வங்காளம் போய்வர வேண்டும்.

குறத்தி பார்த்தது உள்ளங்கை மடிப்பு. நாங்கள் மையில் உருட்டியது விரல் நுனியின் வரி. தமிழில் இரண்டுக்கும் கைரேகை என்றே பெயர். இந்த இரண்டாவது ரேகை சர்க்கார் காரியத்துக்கு வந்தது 1858ல். வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ரோட்டுக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் முழுக் கையையும் பதியவைத்தார். நாளைக்கு 'என் கையெழுத்தில்லை' என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான். 1877ல் ஹூக்ளியில் பத்திரப்பதிவுக்கும் கைதிகளுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் விரல்ரேகை வைக்க ஏற்பாடு செய்தார். செத்தவர் பேரில் சொந்தக்காரர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்களாம்! ஆக, போன மாதம் நான் விரலை வைத்துவிட்டு விழித்தது 140 வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம்.

அப்புறம் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்து 1892ல் புத்தகம் போட்டார். ரேகையில் இனமும் குணமும் புத்தியும் தெரியும் என்ற ஆசையோடு அவரும் தேடியிருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு வைத்த விரலும் நாளைக்கு வைக்கும் விரலும் ஒரே ஆளுடையதா என்று ரேகை சொல்லும். அவன் யோக்கியனா இல்லையா என்று சொல்லாது. 1897ல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் வந்தது. ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் பெயர் நிலைத்தது. கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அவருக்குக் கீழே இருந்த அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற நம் நாட்டவர்கள்.

ரேகையில் குணம் தெரியாது என்று புத்தகம் வந்த பிறகும், பிறப்பிலேயே குணம் உண்டு என்று முடிவுகட்டி ரேகை எடுத்தார்கள். அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871ல் வடக்கே வந்தது. 1911 சட்டத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் பெயர் சேர்ந்த சாதியில் பிறந்திருந்தால் போதும். பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நம் ஜனங்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர் வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3ல் மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் செத்தார்கள்.

குறத்தியின் ஜனங்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். (ஊசி பாசி விற்கும் நரிக்குறவர் வேறு, இவர்கள் வேறு.) கழுதை மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். ரயில் வந்தது, உப்பு வரி ஏறியது, தொழில் போயிற்று. பிழைப்புக்கு அலைந்தவர்களைத் திருடர் கூட்டம் என்றார்கள். இன்றும் சீர்மரபினர் பட்டியலைப் புரட்டினால் சேலம் உப்புக் கொறவர், சேலம் மேல்நாட்டுக் கொறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் கொறவர் என்று நமக்குப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம். ஊருக்கே கைபார்த்தவர்களின் கையைப் பிடித்து மையில் அழுத்தியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1947லும் நாடு முழுக்க 1952லும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் தெரியாது. இடது பெருவிரல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி. அவ்வளவுதான் தெரியும். வருஷக்கணக்கில் பிடித்த பிறகு விரலைத் தொட்டவுடனே தொழில் சொல்லிவிடுவேன். சுண்ணாம்புக் காளவாய்க்காரர் விரல் வழவழவென்றிருக்கும். கல் உடைப்பவர் விரல் வெடித்திருக்கும். மில்லில் அறுந்த நூலை ஒட்டி ஒட்டியே சிலருக்கு நுனி மழுங்கியிருக்கும்.

ஒரு நாள் விடுதலைப் பத்திரம் ஒன்று வந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த அம்மா. அப்பன் தோட்டத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறார். விரலை உருட்டினேன், மைத்திட்டு மட்டும் விழுந்தது, வரி இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னேன். மறுபடியும் திட்டுத்தான். "என்னங்கம்மா, ரேகையே இல்லையே" என்றேன். "முப்பது வருஷம் அந்தத் தோட்டத்துலதானுங்க தேஞ்சுது" என்றார். சொன்னதில் கோபம் இல்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சார்பதிவாளர் "எழுதினது சம்மதம்தானாம்மா?" என்று முறைப்படி கேட்டார். "அண்ணன் சொன்னாருங்க, சரிங்க." மூன்றாம் தடவை நான் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். ஓரத்தில் நாலு வரி விழுந்தது. பதிவாகிவிட்டது.

அந்த நிலத்தில் அவருக்கு இருந்த பாத்தியதைக்கு அந்த விரலைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் தேய்ந்ததைப் பதிந்துகொள்ள எங்கள் பதிவேட்டில் இடமில்லை. தேயாமல் மிச்சமிருந்த நாலு வரிதான் எங்களுக்குத் தேவைப்பட்டது. நான் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருவி உங்கள் விரலை ஏற்காவிட்டால் பயப்படாதீர்கள். தோல் வறண்டாலும் வரி மங்கும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரல் வைத்துப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் கண், முகம் என்று வேறு வழி கேளுங்கள், உண்டு.

எனக்கு ரேகை மங்கியது வயசால். அந்த அம்மாவுக்கும் எங்கள் அமுச்சிக்கும் அப்படி இல்லை. அமுச்சியின் கையைப் பார்த்து 'ஓயாத கை' என்று வாய்விட்டுச் சொன்னது அந்தக் குறத்தி ஒருத்திதான். வீட்டில் நாங்கள் யாரும் சொன்னதில்லை. அதற்கு ஒரு படி கம்பு குறைச்சல்தான்.