பியூரி: ஒரு மஞ்சளின் துப்பு

19ஆம் நூற்றாண்டில் லண்டன் ஓவியச் சாமான் கடைகளில் 'இந்தியன் யெல்லோ' என்றொரு மஞ்சள் விற்றது. வங்காளத்திலிருந்து பந்து பந்தாகக் கப்பலேறிப் போகும். மேலே பழுப்பு, உடைத்தால் உள்ளே பளீரென்ற மஞ்சள், கிட்டே கொண்டுபோனால் மூத்திர வாடை. ஆங்கில ஓவியர் டர்னர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். நம் வடநாட்டுச் சிற்றோவியர்களும் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் இது எதிலிருந்து வருகிறது என்பதில் ஐரோப்பியர்களுக்குள் ஒத்த கருத்தே இல்லை. ஒட்டக மூத்திரம் என்றார் ஒருவர், மாட்டு மூத்திரம் என்றார் இன்னொருவர். 1844இல் இதைப் பகுத்துப் பார்த்த வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ், ஏதோ மரச்சாற்றில் மெக்னீசியா கலந்து காய்ச்சியது என்று கருதினார்.

இன்றைய நிறமி நூல்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன: மாவிலை மட்டும் தின்ற மாடுகளின் கோமியம். இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்களே, யார் பார்த்தது? அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். ஒரு நூல் இன்னொன்றைக் காட்டியது, அது அதற்கு முந்தியதை. கடைசியில் எல்லாத் தடமும் ஒரே கடிதத்தில் போய் முட்டின. 1883 ஆகஸ்ட் 27 தேதியிட்டது. எழுதியவர் திரைலோக்கியநாத் முகர்ஜி. கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக எழுதப்பட்டு, லண்டன் கலைக் கழகத்தின் இதழில் அச்சேறியது.

சுருக்கமான கடிதம்தான். ஆனால் நேரில் போய்ப் பார்த்தவரின் கை வரிக்கு வரி தெரிகிறது. பீகாரில் முங்கேர் நகரை ஒட்டிய மீர்சாபூர். அங்கே ஒரு சில பால்காரக் குடும்பங்கள். மாடுகளுக்கு மாவிலையும் தண்ணீரும்தான் தீனி. பகலில் பலமுறை கையால் தடவித் தடவி மூத்திரம் பெய்யவைத்து மண்சட்டியில் பிடிப்பார்கள். நாளடைவில் கை படாமல் பெய்யவே அந்த மாடுகளால் முடியாமல் போனது. பிடித்ததை அடுப்பேற்றிக் காய்ச்சினால் மஞ்சள் திரிந்து இறங்கும். துணியில் வடிகட்டி, வண்டலை உருட்டி, முதலில் கரி நெருப்பிலும் பிறகு வெயிலிலும் காயவைத்தால் பியூரி; இந்தியன் யெல்லோவுக்கு உள்ளூர்ப் பெயர் அதுதான். ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் தேறுவது சுமார் இரண்டு அவுன்ஸ். ஊரில் மற்றப் பால்காரர்கள் இவர்களை மாட்டை அழிப்பவர்கள் என்று ஒதுக்கினார்களாம். கற்பனையில் எழுதுகிறவருக்கு இந்த ஒதுக்கல் தோன்றியிருக்காது என்றே எனக்குப் பட்டது.

அதே கடிதத்தில் இன்னொரு தகவல், பழைய குழப்பத்தில் பாதியைத் தீர்த்துவைத்தது. கடைத்தெருவில் பியூரி என்ற பெயரில் இரண்டு சரக்கு இருந்தன: ஒன்று மாட்டிலிருந்து கிடைப்பது, மற்றது லண்டனிலிருந்தே இறக்குமதியான கனிம மஞ்சள். பெயரை மட்டும் வைத்து விசாரித்தவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைத்ததில் வியப்பில்லை.

சாட்சி ஒருவரே என்பதுதான் சிக்கல். அதிலும் முகர்ஜி பிற்பாடு 'கங்காபதி' என்ற மாயக்கதை எழுதி வங்க வாசகர்களிடம் புகழ்பெற்றவர். நிறங்களின் வரலாற்றைத் தேடித் திரிந்த விக்டோரியா ஃபின்லே மீர்சாபூருக்கே போனார். அங்கே எவருக்கும் பியூரி நினைவில்லை. 1908 வாக்கில் சட்டம் போட்டு இதைத் தடுத்தார்கள் என்று பல நூல்கள் சொல்கின்றன. அப்படியொரு சட்டமும் அவர் கண்ணில் படவில்லை. 2002இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு, முகர்ஜி கதை கட்டியிருப்பாரோ என்ற சந்தேகம் பரவிவிட்டது.

கடிதத்தோடு முகர்ஜி சரக்கையும் அனுப்பியிருந்தார் என்பதைச் சந்தேகப்பட்டவர்கள் போதிய அளவு கருதவில்லை. அந்த உருண்டைகள் கியூவின் சேகரிப்பில் பத்திரமாக இருந்தன. ரெபெக்கா ப்ளோகர், ஏரன் ஷுகர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றைப் பகுத்துப் பார்த்து 2019இல் முடிவை அச்சிட்டார்கள். இந்த மஞ்சளுக்கே உரிய யூக்ஸாந்திக் அமிலம் இருந்தது. கூடவே ஹிப்யூரிக் அமிலமும் இருந்தது. தழை மேயும் கால்நடைகளின் மூத்திரத்தில் மிகுந்து காணப்படுவது இது. மரச்சாற்றைக் காய்ச்சினால் வராது. மாவிலைக்கும் வேதியியல் துணை நிற்கிறது. மாவிலையில் மாஞ்சிஃபெரின் என்ற பொருள் நிறைய உண்டு. மாட்டின் உடல் அதைச் சிதைத்து, குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும்போது யூக்ஸாந்திக் அமிலமாகிறது. மெக்னீசியம், கால்சியத்தோடு சேர்ந்த அதன் உப்புதான் நாம் காணும் மஞ்சள். ஸ்டென்ஹவுஸ் பார்த்த மெக்னீசியம் உண்மையில் இருந்தது. அதை யாரும் கலக்கவில்லை, மாட்டிடமிருந்தே வந்தது.

முகர்ஜியை வெறும் தகவலாளியாக அடிக்குறிப்பில் வைப்பது அநியாயம். கேள்வி வந்ததும் ஊருக்கே போய், செய்முறையைப் பார்த்து, அளவும் விலையும் குறித்து, மாதிரியும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஆய்வு என்றால் இதுதானே?

தடைச் சட்டக் கதை மட்டும் பாக்கி. நிலக்கரித் தாரிலிருந்து செய்த மலிவான செயற்கை மஞ்சள்களோடு போட்டியிட முடியாமல் இந்தத் தொழில் படுத்திருக்கலாம் என்பது என் ஊகம். முகர்ஜி காலத்தில் மார்வாரி வணிகர்கள்தான் மீர்சாபூரில் பியூரியை வாங்கிக் கல்கத்தாவுக்கும் பாட்னாவுக்கும் அனுப்பினார்கள். ஆகவே அடுத்து நான் புரட்ட வேண்டியவை கல்கத்தாத் துறைமுகத்தின் ஏற்றுமதிக் கணக்குகள்.