டெண்டர் திறந்த பிறகு: உள்ளாட்சி ஒப்பந்தங்களின் வரலாற்றில் விடுபட்ட பாதி

சென்னையின் ரிப்பன் மாளிகை வேலை 1909-இல் தொடங்கி 1913-இல் முடிந்தது. ஜி.எஸ்.டி. ஹாரிஸ் வரைந்த அந்தக் கட்டடத்துக்கு மாநகராட்சி செலவிட்டது ஏழரை லட்சம் ரூபாய். அதில் ஐந்தரை லட்சம் கட்டிக்கொடுத்த லோகநாத முதலியாருக்குப் போனது. கட்டியவர் பெயரும் வாங்கிய தொகையும் இன்றுவரை தெரிகிறது. வேலை எப்படி நடந்தது என்பதற்குக் கட்டடமே சாட்சியாக நிற்கிறது.

எந்த உள்ளாட்சி ஒப்பந்தத்திலும் இரண்டு கேள்விகள் உண்டு. வேலையை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்பது ஒன்று. எடுத்தவர் சொன்னபடி செய்து முடித்தாரா என்பது மற்றொன்று. இந்தியாவில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்த சீர்திருத்தங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சட்டமும் கணினியும் பெரும்பாலும் முதல் கேள்வியைச் சுற்றியே வந்திருப்பது தெரியும். இரண்டாவது கேள்வியை விடாமல் கேட்டவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள், ஓரிரு ஊராட்சித் தலைவர்கள், மருந்து வாங்கிய ஓர் அரசு நிறுவனம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. மெட்ராஸ் மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய 1850-இல் ஓர் ஆணையம் அமைந்தது. 1854-இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பொதுப்பணித் துறையை உருவாக்கினார். அத்துறையின் விதித்தொகுப்புகள் ஒப்பந்தத்துக்கு முந்தைய காகிதத்துக்கும் பிந்தைய காகிதத்துக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்தன. முந்தையது மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட். பிந்தையது அளவுப் புத்தகம். பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் இன்றும் ‘எம்-புக்’ என்று சொல்வது அதைத்தான். உள்ளாட்சி பற்றிய ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தையொட்டி, 1884-இல் மெட்ராஸ் மாகாணத்தில் உள்ளாட்சி வாரியங்களுக்கு ஒரு சட்டமும் மாவட்ட நகராட்சிகளுக்கு ஒரு சட்டமும் வந்தன. புதிதாகப் பிறந்த அந்த அமைப்புகள் சாலையும் கால்வாயும் போடத் தொடங்கியபோது பொதுப்பணித் துறையின் வழக்கங்களையே எடுத்துக்கொண்டன.

எம்-புக் பார்க்க எளிய புத்தகம். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் அச்சிட்டிருக்கும். ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதினால் அடித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒரு மழைநீர்க் கால்வாய் என்றால் மண் தோண்டியது, அடியில் ஜல்லிக் கான்கிரீட் போட்டது, பக்கச்சுவர் எழுப்பியது, மூடி போட்டது என ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், பெருக்கி வந்த அளவு ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் ஏறும். அளந்தவர் கையெழுத்துக்கு மேல், அவருக்கு மூத்த அதிகாரி ஒரு பகுதியைத் தானே மறு அளவீடு செய்து ஒப்பமிட வேண்டும். அதன் பிறகுதான் பில் எழுதலாம். இதிலுள்ள ஆழம் என்ற கட்டம்தான் பணம் போகும் இடம். நீளத்தையும் அகலத்தையும் தெருவில் போகிற யாரும் அடி வைத்துப் பார்த்துவிடலாம். மண்ணுக்கடியில் போட்ட ஜல்லி எத்தனை அங்குலம் என்பது, போட்டவருக்கும் அளந்ததாகக் கையெழுத்துப் போட்டவருக்கும் மட்டுமே தெரியும்.

விடுதலைக்குப் பிறகும் டெண்டர் என்பது துறை விதிகளும் அரசாணைகளும் பார்த்துக்கொள்ளும் விஷயமாகவே இருந்தது. தனிச் சட்டம் இல்லை. சென்னை மாநகராட்சியில் எழுந்த மஸ்டர் ரோல் புகார்களை அடுத்து 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலில் கூலி வாங்கியதாக எழுதப்பட்ட பெயர்களைப் பற்றிய புகார் அது. ஆனால் அதற்குக் கண்ட மருந்து, வருகைப் பட்டியலை மக்கள் பார்க்கச் செய்வதாக இருக்கவில்லை. தேர்தலே இல்லாமல் 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், அதிகாரிகளே நகரை நடத்தினார்கள். கணக்கில் தவறு என்றால் கணக்கைத் திறப்பதற்குப் பதில் மன்றத்தை மூடிவிடும் இந்தப் பழக்கம் உள்ளாட்சிகளுக்குச் செய்த கேடு பெரிது.

முதல் கேள்விக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு பதில் வந்தது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தக் கோரிய டெண்டர் தொடர்பான ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், 1979-இல் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு அது. இன்ன தகுதி உள்ளவர்தான் வரலாம் என்று அறிவித்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்கு அரசு அமைப்பு ஒப்பந்தம் கொடுக்க முடியாது. தானே வகுத்த நிபந்தனைக்கு அது கட்டுப்பட்டது என்று தீர்ப்பு சொன்னது. சமத்துவத்தைப் பேசும் அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு டெண்டர் பெட்டிக்குள்ளும் செல்லும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது கேள்வி ராஜஸ்தானிலிருந்து வந்தது. 1990-இல் தொடங்கிய தொழிலாளர், விவசாயிகள் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. ஊராட்சி வேலைகளின் வருகைப் பட்டியல்களையும் பில்களையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். பட்டியலில் இருந்த பெயர்களுக்கு உரியவர்கள் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்; அந்த வேலைக்குத் தாங்கள் போகவே இல்லை என்று எழுந்து சொன்னார்கள். தணிக்கையாளர் மேசையில் ஒழுங்காக இருந்த அதே காகிதம், ஊரார் முன்னால் நிற்கவில்லை. நகல் கேட்டவர்களுக்கு அதிகாரிகள் தர மறுத்ததால் 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ராஜஸ்தானின் ஊராட்சி விதிகள் திருத்தப்பட்டு, செலவு ஆவணங்களின் நகல் பெறும் உரிமை வந்தது. தேசிய அளவில் 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஆணிவேர் இந்த பில்களிலும் ரசீதுகளிலும் இருக்கிறது. உள்ளாட்சி ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது இதை ஒதுக்கிவிட்டு டெண்டர் விதிகளை மட்டும் பேசுவது பாதிக் கதை.

தமிழ்நாடு இந்தக் காலகட்டத்தில் சட்டம் இயற்றுவதில் முந்திக்கொண்டது. 1997-இல் தகவல் உரிமைக்கும், 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கும் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் இதுதான். கர்நாடகம் 1999-இல் பின்தொடர்ந்தது. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கான விதிகள் 2000-இல் வந்தன. உள்ளாட்சிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. டெண்டர் அறிவிப்பு மாவட்ட, மாநில ஒப்பந்தப்புள்ளி இதழ்களில் வெளிவர வேண்டும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும். டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில் உறைகளைத் திறக்க வேண்டும். தகுதியை ஓர் உறையிலும் விலையைத் தனி உறையிலும் கேட்கலாம். விலக்கு எப்போது என்பதையும், பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யும் வழியையும் சட்டமே சொன்னது. அதிகாரியின் மனம்போல் நடந்துவந்த பல வழக்கங்கள் இதனால் சட்ட மீறல்களாயின. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்தச் சட்டத்தின் பார்வை ஒப்பந்தப்புள்ளியை ஏற்றுக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. வேலை உத்தரவு கொடுத்த பிறகு வரும் காலநீட்டிப்பு, கூடுதல் வேலை, அளவு மாற்றம், இறுதி பில் எல்லாம் பழைய துறை விதிகளின் கையில்தான். குறைந்த விலைக்கு வேலை எடுத்துவிட்டுக் கூடுதல் வேலை என்ற பெயரில் ஈடுகட்டிக்கொள்வதையோ, ஒரே வேலையைத் துண்டு போட்டு உச்சவரம்புக்குள் அடக்குவதையோ டெண்டர் இதழ் காட்டிக்கொடுக்காது.

விதி மட்டும் போதாது என்பதை இதே காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் காட்டியது. வேதிப் பொறியாளரான ஆர். இளங்கோ, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலைய வேலையைத் துறந்து 1996-இல் ஊராட்சித் தலைவரானார். கால்வாய் கட்ட, கிரானைட் மெருகேற்றும் ஆலைகள் கழித்துப் போட்ட கற்பலகைகளைப் பயன்படுத்தினார். செலவு வெகுவாகக் குறைந்தது. வேலையை இழந்த ஒப்பந்ததாரர்கள் பக்கமிருந்து புகார் போனது. அனுமதித்த மதிப்பீட்டின்படி கட்டவில்லை என்ற குற்றச்சாட்டில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. பின்னர் நடவடிக்கை கைவிடப்பட்டு அவர் பதவிக்குத் திரும்பினார். மதிப்பீடு என்ற காகிதம் திருட்டைத் தடுக்கப் பிறந்தது. அதுவே சிக்கனத்தையும் தடுத்தது என்றால், மாற்றுப் பொருளுக்கு முன் அனுமதி பெற ஒரு நேர்வழி விதிகளில் இல்லாததுதான் காரணம். நேர்மையான தலைவர்களை விதி பயமுறுத்துவதும், நேர்மையற்றவர்கள் அதன் ஓட்டைகளில் வசதியாக வாழ்வதும் இன்றுவரை தீராத சிக்கல்.

கேரளம் ஒப்பந்ததாரரையே விலக்கிப் பார்த்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போனது. வேலைகளைப் பயனாளிகளின் குழுக்களே எடுத்துச் செய்யலாம் என்றார்கள். சில இடங்களில் அருமையாக நடந்தது. வேறு பல இடங்களில் பெயருக்கு ஒரு குழு, உள்ளே பழைய ஒப்பந்ததாரர் என்றானது. இதை இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

பிறகு கணினி வந்தது. ஆந்திரம் 2003 வாக்கிலேயே இணைய வழிக் கொள்முதலைத் தொடங்கியது. தேசியத் தகவலியல் மையத்தின் மென்பொருள் தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களின் டெண்டர் தளங்களை இயக்குகிறது. 2016-இல் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குவதற்கான ‘ஜெம்’ இணையச் சந்தை வந்தது. அலுவலக வாசலில் ஆள் நிறுத்தி, டெண்டர் போட வருபவரைத் தடுப்பது இனி நடக்காது. இந்தியாவின் ஊரகச் சாலைத் திட்டத்தையும் இந்தோனேசியாவின் பொதுப்பணிகளையும் ஆராய்ந்து பெஞ்சமின் ஓல்கன், ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் நால்வர் 2016-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று கவனிக்கத்தக்கது. இணைய டெண்டரால் விலை குறைந்ததற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் வெளியூர் நிறுவனங்கள் வேலை எடுப்பது கூடியது. இந்தியாவில் சாலையின் தரம் உயர்ந்தது. இந்தோனேசியாவில் தாமதம் குறைந்தது. நல்ல ஒப்பந்ததாரர் உள்ளே வர வழி கிடைத்ததுதான் பயன். விலையை மட்டுமே சேமிப்பின் அளவுகோலாக வைத்துப் பேசும் அறிக்கைகள் இந்த உண்மையைத் தவறவிடுகின்றன.

மண்ணுக்கடியில் இருப்பதை அளந்து பார்த்த ஆய்வு அதற்கும் முந்தையது. அதுவும் ஓல்கன் செய்ததுதான். ஜாவாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலை போட்டு முடிந்ததும், பொறியாளர்கள் சாலையைக் குடைந்து மாதிரி எடுத்தார்கள். கல், மணல், ஜல்லி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணக்கிட்டு, கிராமம் காட்டிய செலவோடு ஒப்பிட்டார்கள். சில கிராமங்களுக்கு மட்டும், அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. மற்ற ஊர்களில் அதற்கான வாய்ப்பு 4 சதவீதம்தான். தணிக்கை உறுதி என்று தெரிந்த ஊர்களில் காணாமற்போன செலவு 8 சதவீதப் புள்ளி குறைந்தது. மக்களைக் கணக்குக் கூட்டத்துக்கு அழைத்த ஊர்களிலோ கூலித் திருட்டு குறைந்தது. பொருள் திருட்டு குறையவில்லை. கோட் கிரானாவை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தாங்கள் வேலைக்குப் போனோமா இல்லையா என்பது ஊராருக்குத் தெரியும். சிமெண்ட் கலவை ஒன்றுக்கு நாலா, ஒன்றுக்கு எட்டா என்பது தெரியாது. அதற்குப் பொறியாளரின் கருவி வேண்டும். மக்கள் விசாரணையும் தொழில்நுட்பத் தணிக்கையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று வாதிடுபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

எல்லா ஊரையும் தணிக்கை செய்ய ஆள் ஏது என்ற கேள்விக்கு பிரேசில் 2003-இல் ஒரு வழி கண்டது. எந்த நகராட்சிகளைத் தணிக்கை செய்வது என்பதைப் பொதுக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டு யாருக்கு விழும் என்று எந்த மேயருக்கும் தெரியாது. தணிக்கை அறிக்கைகளும் வெளியிடப்பட்டன.

பொருள் வாங்குவதில் இரண்டாவது கேள்விக்கு முழுமையாகப் பதில் சொன்ன அமைப்பு தமிழ்நாட்டிலேயே உண்டு. 1994-இல் பதிவாகி 1995-இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உள்ளாட்சி அமைப்பு இல்லை. ஆனால் உள்ளாட்சிகள் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க முறை அதனுடையது. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் மருந்து மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனையிடமும் ஒரு பாஸ்புக் இருக்கும். தனக்கு ஒதுக்கிய தொகையில் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீதி என்பது அதில் பதிவாகும். தரமில்லாமல் கொடுத்தவர் கறுப்புப் பட்டியலில் சேர்வார். ஒப்பந்தம் போட்ட நாளைவிடச் சரக்கு வந்திறங்கும் நாளுக்கு இங்கே மதிப்பு அதிகம். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குளோரின் பொடி வாங்கும் பேரூராட்சிக்கு இதே ஏற்பாட்டைச் செய்து தர மாநில அரசுக்குப் புதிய சட்டம் தேவையில்லை.

சாலைக்கும் கால்வாய்க்கும் தடை வேறு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் 388 ஊராட்சி ஒன்றியங்களும் இருந்துவந்தன. சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். மதிப்பீடு போடுவது, இடத்துக்குப் போய் அளப்பது, எம்-புக்கில் ஏற்றுவது அனைத்தும் ஒன்றிய அலுவலகத்தின் சில பொறியாளர்கள் தலையில் விழுகின்றன. டெண்டர் மென்பொருளுக்குச் செலவிட்ட அக்கறையில் ஒரு பங்கை இவர்களுக்குத் துணையாக இன்னும் சில பொறியாளர்களை நியமிப்பதிலும், சாலையைக் குடைந்து பார்க்கும் நடமாடும் ஆய்வகங்களிலும் காட்டினால், ஆழம் என்ற கட்டத்தில் எழுதுவதற்கு முன் கை தயங்கும். தளத்தில் டெண்டர் முடிவு வெளியாகும் அதே பக்கத்தில் எம்-புக் நகலையும், பில் கொடுத்த தேதியையும் ஏற்றலாம். அந்தத் தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலை முடித்து மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்கும் சிறிய ஒப்பந்ததாரர், அடுத்த முறை அந்தத் தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுகிறார். அல்லது போட்டியிலிருந்தே விலகிவிடுகிறார். எந்த உள்ளாட்சி எத்தனை நாளில் பில் கொடுக்கிறது என்பது வெளியே தெரிந்தால், அடுத்த டெண்டருக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை அதுவே முடிவு செய்யும்.