ஒயருக்கு எட்டாயிரம் ரூபாயா?

வேளச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: 'மூவாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கு எட்டாயிரம் ரூபாயில் சுத்தமான தாமிர ஒயர் விற்கிறார்கள். மாற்றினால் பாட்டு துல்லியமாகக் கேட்குமா?'

அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் இதே கேள்வியில் லட்சக்கணக்கான பவுண்டு மூழ்கியிருக்கிறது.

1858-ல் அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்தி கேபிள் போட்டார்கள். விக்டோரியா மகாராணி, அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய 98 வார்த்தை வாழ்த்து போய்ச்சேர சுமார் 16 மணி நேரம் ஆனது. கடலுக்குள் கிடக்கும் நீளமான கேபிள் ஒரு ராட்சச கெப்பாசிட்டர். மின்துடிப்பை விழுங்கி, சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்து வெளியே விடும். நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நாலு மடங்கு என்று வில்லியம் தாம்சன் (பிற்பாடு லார்ட் கெல்வின்) முன்பே கணக்குப் போட்டிருந்தார். கம்பெனியின் மின் நிபுணர் வைட்ஹவுஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுமார் 2,000 வோல்ட்டை ஏற்றிப் பார்த்தார். ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த கேபிள் ஒரு மாதத்துக்குள் காலி!

தாம்சன் கேட்டதெல்லாம் தாமிரம் சுத்தமாக இருக்கட்டும், தடியாக இருக்கட்டும் என்பதுதான். 1866-ல் வெற்றி பெற்ற கேபிளில் தாமிரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. 1871-ல் நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போனது, இந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான்.

ஆக, 'சுத்தமான தாமிரம்' பொய்யில்லை. ஆனால், அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கான மருந்து. உங்கள் ஒயர் ஒன்றரை மீட்டர்! அதன் மின்தடை அரை ஓம் என்றே வைத்துக்கொள்வோம். ஹெட்போன் 32 ஓம் என்றால், இழப்பு ஒரு டெசிபலில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வால்யூமைத் துளி திருகினால் தீர்ந்தது. மிகக் குறைந்த ஓம் கொண்ட சில இயர்போன்களில் மட்டும் மெல்லிய வித்தியாசம் வரலாம்.

1983-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை, எந்த ஒயர் என்று சொல்லாமல் ஸ்பீக்கர்களைக் கேட்கவைத்தது. தடியான விசேஷ ஒயரையும் சாதாரண விளக்கு ஒயரையும் பாட்டை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007-ல் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளைக் காதால் அடையாளம் காட்டினால் பத்து லட்சம் டாலர் என்றார். பணம் யாருக்கும் போகவில்லை.

ஒயர் அறுந்திருந்தால், சட்டையில் உரசி கரகரத்தால் தாராளமாக மாற்றுங்கள். சத்தத்துக்காக என்றால், காசு கொடுப்பதற்கு முன்னால் நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் ஒயரைப் பத்து தடவை மாற்றிப் போடச் சொல்லுங்கள். வால்யூம் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்பது தடவையாவது சரியாகச் சொன்னால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்த எட்டாயிரத்தை மூவாயிரத்தோடு சேர்த்து நல்ல ஹெட்போனாகவே வாங்கிவிடலாம். அந்த வித்தியாசம் நிச்சயம் கேட்கும்.