உப்பங்கரையில் ஒரு ஹெரால்டு



மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர்களுக்கு அவற்றை நான் வருணிக்க வேண்டுவதில்லை. காணாத மாணவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அங்கே கோடையில் வெண்மையாகக் குவிந்து கிடப்பது உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வருவதும் உப்பே. கதவின் கீல், கிணற்று இராட்டினம், மிதிவண்டிச் சங்கிலி ஆகிய எதையும் அந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. அத்தகைய ஊரில் மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்? வண்டியின் அழகைப் பற்றியன்று. உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றியே பேசினார்கள்.

இக்கவலை புதிதன்று. உப்பு விற்ற உமணர் நெடுவழி போகும்போது, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி புறநானூற்றில் ஔவையார் பாடலொன்றில் வருகிறது. பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் வேண்டிய பாரவண்டிக்கு வழியில் அச்சு முறிந்தால் கடை ஏது? இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்கள் அதனை அறிந்திருந்தார்கள். நம் நாட்டில் கார் வாங்கியவர்கள் பலர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சிறு காரின் வரலாறு. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இங்கே ஓடிய கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் செய்யப்பட்டவை, அல்லது பெட்டிகளில் வந்த பாகங்களை இங்கே பூட்டி உருவாக்கப்பட்டவை. முழு வண்டியாக இறக்குமதி செய்வதை அரசினர் 1949இல் தடுத்தனர். 1953இல் தீர்வைக் குழுவின் பரிந்துரையை ஏற்று, பாகங்களையும் இந்நாட்டிலேயே படிப்படியாகச் செய்யத் திட்டம் உள்ளவர்களுக்கே இடமுண்டு என்று முடிவு செய்தனர். அமெரிக்க நிறுவனங்களாகிய ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் 1954 அளவில் தம் பட்டறைகளை மூடிக்கொண்டு போயின. பிறகு கார் செய்வோர் என்று நாடறிய நின்றவர் மூவர். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில், 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

மூவரில் இளையவரும் சிறியவரும் நம் சென்னைக்காரரே. முதலில் வான்கார்டு, பின்னர் எய்ட், டென் என்னும் சிறு கார்கள் என்று இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் வண்டிகள் இங்கே உருவாயின. 1961இல் ஹெரால்டு வந்தது.

இந்த ஹெரால்டு பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் சிறு கார்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்தவர்கள் ஃபிஷர் அண்டு லட்லோ என்பார். 1953இல் அவர்களைப் போட்டிக் கம்பெனியாகிய பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. இனி முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தருவார் யார்? வேறு வழியின்றி, அக்காலத்தில் பழைய முறை என்று பலர் கைவிட்டுக்கொண்டிருந்த தனிச் சேஸிசை மீண்டும் எடுத்தார்கள். அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டுகளால் முடுக்கினார்கள். உருவம் வகுத்தவர் இத்தாலியராகிய மிக்கெலாட்டி. 1959இல் வண்டி வெளிவந்தது. கையில் வசதியில்லாதவன் செய்த சமாளிப்பு, கடல் கடந்து நம் நாட்டுக்கு வரமாக வாய்த்தது. பேருருவ அழுத்தியந்திரங்கள் இல்லாத தொழிற்சாலையிலும் இத்தகைய வண்டியைப் பூட்டிவிடலாம். நசுங்கிய பாகத்தை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டலாம்.

என் பள்ளிப் பருவத்தில், 1970ஆம் ஆண்டை ஒட்டி, மரக்காணத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உப்பு வியாபாரி ஒருவரிடம் அம்பாஸடர் இருந்தது. மருத்துவர் ஒருவரிடம் இளநீல ஹெரால்டு. காண்டிராக்டர் ஒருவர் ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார். மாலைவேளையில் உப்புக் கிடங்கின் முன்னால் வேப்பமரத்தடியில் இவர்கள் கூடுவார்கள். சிறுவர்களாகிய நாங்கள் வண்டியைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் அருகே நிற்போம்.

"என்ன டாக்டர் ஐயா, இந்தத் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்? மூட்டை ஏற்ற முடியுமா, பத்துப்பேர் உட்கார முடியுமா?" என்று வியாபாரி சிரிப்பார்.

"முதலாளி, எனக்கு மூட்டை ஏது? சந்தில் நுழைந்து திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். உங்கள் வண்டியைத் திருப்ப ஊரையே இடிக்க வேண்டுமே!" என்பார் மருத்துவர்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஹெரால்டு ஏறக்குறைய இருபத்தைந்து அடி விட்டத்துக்குள் வட்டமாகத் திரும்பிவிடும். பானெட்டும் முன்சக்கர மூடிகளும் ஒன்றாக முன்புறம் கவிழும். எஞ்சின் முழுவதும் வெட்டவெளியாகக் கிடக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் வியாபாரி சொன்னதிலும் உண்மை உண்டு. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்பு அது. பாரம் மிகுந்தால் சக்கரங்களின் மேற்பக்கம் உள்நோக்கிச் சாயும். ஐந்தாறு பேரும் மூட்டையும் ஏறினாலொழியப் பயணம் என்று கருதாத நம் நாட்டுக்கு அது ஏற்றதன்று. எஞ்சினும் 948 கன சென்டிமீட்டர் அளவினதே. இங்கிலாந்தில் பின்னர் பெரிய எஞ்சின் பொருத்தினார்கள், இங்கே கடைசிவரை அதுவே நின்றது.

அப்படியிருந்தும் மருத்துவர் அதனை வாங்கியது ஏன்? மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அக்காலத்தில் பணத்தோடு கடைக்குப் போனால் கார் கிடைக்காது. 1959ஆம் ஆண்டின் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விற்பனை முகவரிடம் பெயரைப் பதிந்து, முன்பணம் கட்டி, வரிசைப்படி காத்திருக்க வேண்டும். வாங்கிய வண்டியைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மறுவிற்பனை செய்யவும் கட்டுப்பாடு இருந்தது. 1969இல் விலையையும் அரசினரே குறித்தனர். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று 1971இல் தீர்ப்பாயிற்று. விலைக் கட்டுப்பாடு நீங்கியது 1975இல். இக்காலமெல்லாம் ஃபியட்டை விரும்பியவர் பல்லாண்டு காத்திருந்தார். ஹெரால்டுக்கு வரிசை குறுகியது. எனவே ஒரு வண்டி எத்தனை பேரிடம் இருந்தது என்பதைக்கொண்டு எத்தனை பேர் அதனை விரும்பினார்கள் என்று அளவிட இயலாது. ஃபியட் மேல் மனம்வைத்து ஹெரால்டு வாங்கியவரும் உண்டு. வாங்கியபின் ஹெரால்டை விடமாட்டேன் என்றவரும் உண்டு. எங்கள் மருத்துவர் இவ்விரு வகையிலும் சேர்ந்தவர்.

இன்னொரு காரணம் சாலை. இன்றுள்ள கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களின் இறுதியில் அமைந்தது. அதற்குமுன் மரக்காணத்தார் காரில் சென்னைக்குப் போவதென்றால், பெரும்பாலும் மேற்கே திண்டிவனம் சென்று பெருஞ்சாலையைப் பிடிப்பார்கள். அந்தச் சாலை பெருங்களத்தூர் வழியே செல்வது. தம் வண்டி பிறந்த தொழிற்சாலையின் வாயிலைக் கடந்தே மருத்துவர் ஒவ்வொரு முறையும் தலைநகருக்குப் போனார். உத்தர்பாராவுக்கும் பம்பாய்க்கும் இல்லாத நெருக்கம் அது. ஹெரால்டு பெரும்பாலும் தென்னாட்டு வண்டியாகவே அறியப்பட்டதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் உப்புக்கு இந்த உறவு தெரியாது. உப்புத்தூள் இரும்பின்மேல் படிந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவ்வீரத்தில் கரைந்த உப்பு மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் துரு விரைந்து ஏறும். ஹெரால்டின் சேஸிஸ் உள்ளீடற்ற பெட்டிகளால் ஆனது. பெட்டிக்குள் புகுந்த சேறும் உப்பும் வெளியேற வழியில்லை. திண்டிவனத்து மெக்கானிக் ஒருவர் ஆண்டுதோறும் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழைய எஞ்சின் எண்ணெயை அடியில் பூசிக்கொடுப்பார். இருந்தும் ஒரு மழைக்கால இரவில், பிரசவ வேதனையில் இருந்த பெண்ணொருத்தியைக் காண மருத்துவர் புறப்பட்டபோது, உப்பளச் சாலையில் சேஸிசின் பக்கக்கை முறிந்து வண்டி ஒருபுறம் இறங்கிவிட்டது. மீதி வழியை அவர் மாட்டுவண்டியில் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தனர். முறிந்த கையைப் பற்றவைத்து வண்டி எழுந்து நிற்க ஒரு மாதம் ஆயிற்று. ஒரே கூடாகச் செய்த வண்டியாயிருந்தால் அதுவும் நடந்திராது என்று மெக்கானிக் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1968இல் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வந்தன. அதுவரை பின்னிருக்கையில் அமர்வோர் முன்னிருக்கையை மடக்கி நுழைய வேண்டியிருந்தது. முதியோருக்கும் சேலை கட்டிய பெண்டிருக்கும் பெருந்தொல்லை. இங்கிலாந்தில்கூட இல்லாத நான்கு கதவு ஹெரால்டு சென்னையில் உருவாயிற்று. 1972இல் கேஸல் என்று பெயர்மாறி, சாயும் பின்சக்கர அமைப்பும் போய், ஒரே அச்சு வந்தது. வியாபாரியின் குறைகளுக்கெல்லாம் பதில் வந்துவிட்டது போலும்! ஆனால் 1973இல் பெட்ரோல் நெருக்கடி. 1977இல் கேஸல் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய, விலைமிக்க காரோடு அந்நிறுவனம் திரும்பி வந்தபோது, 1983இறுதியில் பிறந்த மாருதி ஊர்தோறும் பரவத் தொடங்கியிருந்தது. 1988இல் பெருங்களத்தூரில் கார் உற்பத்தி முடிவுற்றது.

மருத்துவரின் இளநீல வண்டி அவர் காலத்துக்குப்பின் திண்டிவனத்துக்குப் போயிற்று. ஹெரால்டுகளைப் பேணிக் காப்பவர்கள் இன்றும் உள்ளனர். எஞ்சின் பாகங்களையும் பிரேக் பாகங்களையும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறார்கள். அங்கே ட்ரையம்ஃப் அன்பர்களுக்காகப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். பின்கதவு ஒன்று துருப்பிடித்துப் போனால் மட்டும் அங்கிருந்து எதுவும் வராது. அவ்வண்டிக்கு அங்கே பின்கதவு என்றுமே இருந்ததில்லை. நம்மூர்ப் பழைய இரும்புக் கடைகளில்தான் தேட வேண்டும்.